டப்பாவை ஆட்டுங்க

விற்பனைக் கூட்டப் படிவம்

நாள்: வியாழன். நேரம்: மாலை நான்கு மணி. இடம்: நான்காவது மாடி. லிஃப்ட் ஓடவில்லை.

வந்திருந்தவர்கள்:
வீட்டுக்காரியின் நாத்தனார். மூன்றாவது மாடியில் குடியிருக்கிறார். கதவைத் திறந்துவிட்டது இவர்தான்.
எதிர்வீட்டு டீச்சர்.
மருந்துக்கடையில் வேலை பார்க்கும் அக்கா, தங்கை. இருவருக்கும் சேர்த்து ஒரே நாற்காலி.
தையல்காரம்மா.
டப்பா விற்க வந்தவள், அதாவது நான்.

வராதவர்: கூட்டம் வைத்த வீட்டுக்காரி. வீட்டில்தான் இருக்கிறார். தலைவலி என்று உள்ளறையில் படுத்திருப்பதாக நாத்தனார் சொன்னார்.

நாலேகாலுக்குப் போன் வந்தது.

*

ஹலோ... ஹலோ? யாரு?... கொஞ்சம் சத்தமாப் பேசுங்க, இங்க ஒரே டப்பா சத்தம்... எந்த வீட்டுக்காரம்மா?... (குரலைத் தாழ்த்தி) எது, இந்த வீடா?... சரி, யார்கிட்டயும் சொல்லல.

ஒரு நிமிஷம். ஒரே நிமிஷம், வெச்சுடாதீங்க.

(கூடத்தைப் பார்த்து) அக்காங்களா, கம்பெனி மேடம் லைன்ல இருக்காங்க. எடுக்கலேன்னா என் தோலை உரிச்சுடுவாங்க. அதுக்குள்ள அந்த நீல மூடியை நடுவுல அழுத்தி, ஓரத்தைத் தூக்கிப் பாருங்க. புஸ்ஸுன்னு காத்து போகும்... ஆங், அதேதான். அது டப்பா விடற மூச்சு. நான் அடுப்புல தண்ணி வெச்சுட்டு வந்துடறேன், பிளாஸ்க்கு காட்டணும்ல.

(சமையலறையில்) ம். இப்ப பேசுங்க சிஸ்டர்... இல்ல, இல்ல, முதல்ல நான் பேசறேன், நீங்க கேளுங்க. மூணு வாரம். இருபத்திரண்டு தடவை கூப்பிட்டிருக்கேன். அதை எண்ணி வெச்சிருக்கேன். மெசேஜை எண்ணல, எண்ணினா எனக்கே என்மேல மரியாதை போயிடும். கட்டிக்கறேன்னு சொல்லிட்டு ஓடிப்போனவன்கூட போறப்போ ஒரு வரி எழுதிட்டுப் போனான்... ஆமா... ஆமா ஆமா, தலைவலி, சொன்னாங்க. தலைவலின்னு படுத்துக்கிட்டு பத்தடி தூரத்துல இருந்து எனக்குப் போன் பண்றீங்க. எழுந்து நடந்து வந்தா முடிஞ்சுது.

ஏன் இப்படிக் குசுகுசுன்னு பேசறீங்க?

...

ம்... ம்... சிஸ்டர், ஒண்ணு சொல்லவா. நான் நாலு வருஷம் ராத்திரி ஷிப்டுல போன் எடுத்தவ. மூச்சு விடறதை வெச்சே ஆள் சாக்கு சொல்றது தெரிஞ்சுடும். இந்த மாசம் மட்டும் மூணு வீடு. ஒருத்தங்க நாய் குட்டி போட்டிருக்குன்னாங்க. போய்ப் பார்த்தா வீட்ல நாயே இல்ல. இன்னொருத்தங்க வீட்ல உள்ள டிவியில சிரிக்கிற சத்தம், வெளிய நான் இந்த மூட்டையோட, அரை மணி நேரம் மணி அடிச்சிட்டு நிக்கறேன். மூணாவது ஆள் நம்பரையே மாத்திட்டாங்க. இன்னிக்கு ஒரு டெமோ நடக்கலேன்னா சாமானைத் திருப்பிக் குடுன்னுட்டாங்க கம்பெனியில. குடுத்துட்டா மறுபடியும் ராத்திரி ஷிப்டு. தெரியுதா, நான் எங்க நிக்கறேன்னு?...

சரி, நீங்க எங்க நிக்கறீங்க, சொல்லுங்க. கேக்கறேன்.

...

என்னது?

...

மறுபடி சொல்லுங்க. பூட்டி இருக்கா? எந்தக் கதவு?... வாசக் கதவா? அது... ஆமா. நான் வந்ததும் பூட்டினாங்க. டீச்சர் வந்தப்போ திறந்தாங்க, மறுபடி பூட்டினாங்க. காத்துல அடிச்சுக்குதுன்னு சொன்னாங்க... ஆமா, இன்னிக்கு எங்க காத்து. ஒரு இலை ஆடல.

...

அவங்க நாற்காலியா? வாசலை ஒட்டித்தான் போட்டிருக்காங்க. முட்டி வலி, எழுந்து உக்கார முடியல, அதான் இங்கேயேன்னாங்க... ம்.

...

இருங்க, தண்ணி கொதிக்குது, குறைச்சு வைக்கறேன்... ம், சொல்லுங்க. எத்தனை நாளா?... போன புதன்கிழமையில இருந்தா? ஒம்பது நாளு?... கீழ கடைக்குக்கூட?... அவங்களே வாங்கிட்டு வந்துடறாங்களா. சரி. ராத்திரி வீட்டுக்காரர் வந்ததும் சாவியை அவர்கிட்ட குடுத்துட்டு இறங்கறாங்க, காலையில அவர் கிளம்பறப்போ வாங்கிக்கறாங்க. நல்லா இருக்கு. பாங்கி வாட்ச்மேன்கூட இப்படி மாத்திக்க மாட்டான்.

உங்களை அடிக்கிறாரா?... இல்லையா?... ஒரு தடவைகூட?... அப்புறம் ஏன்...

...

சரி. சரி, கோவிச்சுக்காதீங்க. கேட்டது தப்புதான். அடிச்சாத்தான் போகணும்னு ஒண்ணும் இல்ல.

...

எங்க?... லேபா? ரத்தம் எடுத்து டெஸ்ட் பண்ற வேலையா?... கல்யாணத்துக்கு முன்னாடி பார்த்த அதே வேலை. சரி. எப்ப சேரணும்?... நாளைக்குக் காலையில எட்டு மணிக்கா! ஆறு மணி நேரப் பயணம்... இன்னிக்கு சாயங்காலம் அஞ்சரை பஸ்ஸை விட்டா?... வேற இல்ல. நாளைக்கு எட்டு மணிக்கு நிக்கலேன்னா அடுத்தவங்களுக்குப் போயிடும். புரியுது.

அதை ஏன் எங்கிட்ட சொல்றீங்க?

(குரலை உயர்த்தி) ஆமா மேடம்! ஆமா, டார்கெட் தெரியும் மேடம்!... (கூடத்தை நோக்கி) என்னக்கா?... ஐயோ, நீங்க ஏன் எழுந்து வர்றீங்க, அந்த முட்டியை வெச்சுக்கிட்டு. தண்ணி இப்பத்தான் சலசலன்னு வருது... யாரு? மேடம்தான். விட மாட்டேங்கறாங்க. உடும்புப் பிடி... உக்காருங்கக்கா, உக்காருங்க, வந்துட்டேன்.

...

போயிட்டாங்க. சமையல்கட்டு வாசப்படி வரைக்கும் வந்துட்டாங்க.

இதோ பாருங்க சிஸ்டர். நான் டப்பா விக்க வந்தவ. உங்க குடும்பம், உங்க நாத்தனார், உங்க பூட்டு. நான் நடுவுல கையை விட்டா என் கைதான் நசுங்கும். இன்னிக்கு நீங்க பஸ்ல போயிடுவீங்க, நாளைக்கு இந்தத் தெருவுல இருக்கறவங்க ‘அந்த டப்பாக்காரிதான் குடியைக் கெடுத்தா’ம்பாங்க. அப்புறம் எந்த வீட்ல என்னைப் படியேத்துவாங்க?... அழாதீங்க. அழுதா வெளிய கேக்கும்... அழலையா? அப்ப அது என்ன சத்தம்?... இருமலா. சரி. எதுவா இருந்தாலும் தலையணையில.

ஒண்ணு மட்டும் எனக்குப் புரியல. உங்களுக்கு இவ்வளவு சிக்கல் இருக்குன்னா ‘டெமோ வேண்டாம்’னு ஒரு வார்த்தை போட்டிருக்கலாம்ல. ‘வியாழன் நாலு மணி ஓகேவா’ன்னு திங்கக்கிழமை கேட்டேன். கட்டைவிரல் போட்டீங்க. அஞ்சு பேருக்கும் உங்க பேர்ல நானே சொல்லி அனுப்பிடவான்னு கேட்டேன். மறுபடியும் கட்டைவிரல்...

போடலையா?

பச்சை உறை போட்ட போன். மூலையில உடைஞ்சிருக்கும். போன மாசம் மருந்துக்கடை சிஸ்டருங்க வீட்டு டெமோவுல உங்க கையில பார்த்தேன். அதுல இருந்துதானே...

...

உங்ககிட்ட இல்லையா? எப்ப இருந்து?... மூணு வாரமா?

அப்ப இது எந்த நம்பர்? எதுல பேசறீங்க?... பழைய பட்டன் போனு. அது எங்க இருந்துச்சு?... பருப்பு டப்பாவுக்குள்ளயா? நான் வித்த டப்பாவா?... நல்ல வேளை, மூடி இறுக்கமா இருந்துச்சுன்னு சொல்லுங்க... சார்ஜ் எவ்வளவு?... ஒரு கோடா.

இருங்க. இருங்க, இருங்க. கட்டைவிரல் போட்டது அவங்கன்னா... நான் அனுப்பினதெல்லாம் படிச்சதும் அவங்கதான்.

...

இல்ல, லைன்லதான் இருக்கேன்.

ஒண்ணு சொல்றேன், திட்டிக்கோங்க, ஆனா சத்தம் போடாம திட்டுங்க. போன செவ்வாய்க்கிழமை உங்களுக்கு ஒண்ணு அனுப்பினேன். மனப்பாடமா தெரியும், ஏன்னா எழுதிட்டு நானே நல்லா எழுதியிருக்கேன்னு நெனச்சேன். ‘சிஸ்டர், நீங்க ஆசைப்பட்ட சக்கரம் வெச்ச பெட்டி வந்துடுச்சு. டெமோ வைக்கிறவங்களுக்கு அது பரிசு. நீங்க ஊருக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி கைக்கு வந்துடும். நீங்க சொன்ன மாதிரி வீட்ல யார்கிட்டயும் மூச்சு விடல.’

...

ஆமா. அப்படியேதான். மூச்சு விடலைன்னு எழுதி, மூச்சு முட்டுற அளவுக்கு எல்லாத்தையும் எழுதியிருக்கேன். செவ்வாய் ராத்திரி அனுப்பினேன். புதன்கிழமையில இருந்து கதவு பூட்டு.

...

இல்ல, நீங்க ஏதாவது சொல்லித்தான் ஆகணும். பேசாம இருக்காதீங்க, அதைத்தான் மூணு வாரமா கேட்டுக்கிட்டு இருக்கேன்.

...

எங்க டீம் லீடர் சொல்லிக்குடுத்தது அப்படி. பதில் வரலேன்னா இல்லேன்னு எடுத்துக்காதே, இன்னும் ஆமான்னு சொல்லலேன்னு எடுத்துக்கோ. கேள்வி கேக்காதே, ஆசை காட்டு. வேண்டியது என்னன்னு தெரிஞ்சா அதையே திரும்பத் திரும்ப எழுது. உங்களுக்கு வேண்டியது பெட்டி. ‘அடுத்த டெமோ யார் வீட்ல?’ன்னு நான் கேட்டப்போ பதினஞ்சு பேர் தரையைப் பார்த்தாங்க. நீங்க மட்டும் அந்தப் பெட்டியைப் பார்த்துக்கிட்டே கையைத் தூக்கினீங்க. எனக்கு அப்பவே உறைச்சிருக்கணும். ஒரு பெட்டியைக் கடையில போய் வாங்க முடியாதவங்கதான் அதுக்காக வீட்டையே திறந்துவிடுவாங்க.

...

சரி, விடுங்க. அழுது என்ன ஆகப் போகுது. மணி நாலரை. உங்க வீட்டுக்காரர் எப்ப வருவாரு?... ஆறு. பஸ் ஸ்டாண்டுக்கு இருபது நிமிஷம். நாலு மாடி இறங்கணும். அப்படின்னா அஞ்சு மணிக்கு நீங்க இந்த வாசலைத் தாண்டியிருக்கணும்.

பெட்டி இங்க இல்ல. டப்பா மூட்டையையும் அதையும் ஒண்ணாத் தூக்கிட்டு நாலு மாடி ஏற முடியல, கீழ வாட்ச்மேன் ரூம்ல வெச்சிருக்கேன். அது ஒரு விதத்துல நல்லதாப் போச்சு... துணியெல்லாம் எதுல வெச்சிருக்கீங்க?... தலையணை உறையிலயா? எத்தனை?... ரெண்டு. சர்டிபிகேட்?... உறைக்குள்ளயே இருக்கு. சரி.

சாவி எங்க? அவங்க இடுப்புலயா?... கைப்பையிலயா? மடியில வெச்சிருக்காங்களே, பழுப்பு நிறப் பை?... ம்.

கொஞ்சம் யோசிக்க விடுங்க. பேசிக்கிட்டே யோசிக்கறேன், எனக்குப் பேசாம யோசிக்கத் தெரியாது.

(கூடத்துக்கு வந்து, உரக்க) வந்தாச்சு, வந்தாச்சு! மேடம் இன்னும் லைன்லதான் இருக்காங்க, நான் டெமோ பண்றதைக் காதால கேக்கணுமாம். என்மேல அவ்வளவு நம்பிக்கை... ஆமாக்கா, மாமியார்கூட இப்படிப் பண்ண மாட்டாங்க.

இப்ப எண்ணெய் டெஸ்ட். எண்ணெய் எப்படிப் பட்டாலும் ஒரே துடைப்புல போகணும், போகலேன்னா டப்பா உங்களுக்கு இனாம். யாராவது நல்லா வேலை செஞ்ச கையா வேணும்... டீச்சர், உங்க கை சாக்பீஸ் பிடிச்ச கை. தையல்காரம்மா, நாளைக்கு நீங்க துணி தொடணும், வேண்டாம். அக்கா, நீங்க வாங்க. வர வேண்டாம், உக்காந்த இடத்துலயே. ரெண்டு கையையும் நீட்டுங்க... ரெண்டும், ரெண்டும். ஊத்தறேன்... கொஞ்சம் கூடுதலாத்தான் விழுந்துடுச்சு, பரவால்ல, கை மெத்துன்னு ஆகிடும். இந்தப் பெரிய டப்பாவை உள்ளயும் வெளியவும் அழுத்தித் தேய்ங்க. எம்மேல இருக்கற கோவத்தை எல்லாம் காட்டுங்க... ஆமா, அப்படி!

மேடம், கேக்குதா மேடம்? ரொம்ப நல்லாப் போயிட்டு இருக்கு மேடம்.

என்னக்கா?... பெட்டியா? நீங்களே கேட்டுட்டீங்க. நானே சொல்லலாம்னு இருந்தேன். கீழதான் இருக்கு... யாருக்கு? விதிப்படி வீட்டுக்காரங்களுக்குத்தான்... ம்... ம், நியாயம்தான். அவங்க எங்க போகப் போறாங்க, அவங்களுக்கு எதுக்குப் பெட்டி. நீங்கதான் முட்டிக்கு வைத்தியம்னு ஊர் ஊராப் போறீங்க... எடுத்துக்கோங்க. நான் என்ன சொல்லப் போறேன். தலைவலிக்காரங்க கேக்கவா போறாங்க... நிறம் கரும்பச்சைக்கா. நாலு சக்கரம். விட்டா தானே ஓடும்.

இப்பவேவா? கொண்டுட்டு வந்துடறேன். கதவு பூட்டியிருக்கே... ஐயோ, எண்ணெய்க் கையை வெச்சுக்கிட்டு பைக்குள்ள விடாதீங்க, தோல் பை, கறை போகவே போகாது. நானே எடுத்துக்கவா?... பையில எந்த ஜிப்புல?... இதுவா? இந்த நீளச் சாவி. கிடைச்சுடுச்சு. இருங்க, அடுப்பை அணைச்சுட்டு வந்துடறேன்.

(உள்நடையில், மெல்ல) ம். சாவி கையில இருக்கு... ஆமா. பைக்குள்ள உங்க பச்சைப் போனும் இருக்கு. எடுக்கல... தெரியும், உங்களோடதுதான். ஆனா அதை எடுத்தா நான் திருடி. சாவியை அவங்களே எடுத்துக்கச் சொன்னாங்க. அது போகட்டும் விடுங்க. அதுல இனிமே என் மெசேஜ்தான் வரும், அவங்களே படிச்சுக்கட்டும்.

நல்லாக் கேட்டுக்கோம்மா. ‘ங்க’ எல்லாம் போட நேரம் இல்ல, கோவிச்சுக்காதே. இந்த டெமோவுல ஒரு விளையாட்டு உண்டு. எல்லார் கண்ணையும் துணியால கட்டிடுவேன். ஆளுக்கு ஒரு டப்பா குடுப்பேன். ஆட்டிப் பார்த்து உள்ள என்ன இருக்குன்னு சொல்லணும். அஞ்சு பேர் ஆட்டினா பொரி கடை மாதிரி இருக்கும். உன் ரூம் தாழ்ப்பாள் சத்தம் போடுமா?... அப்ப நான் மூணாவது தடவை ‘ஆட்டுங்க’ன்னு சொல்றப்போ தூக்கு. முன்னாடி தூக்காதே. வளையலைக் கழட்டிடு. செருப்பு கையில. சோபாவுக்குப் பின்னாடி, சுவரை ஒட்டி வா. மருந்துக்கடை தங்கச்சி காலை நீட்டிக்கிட்டு உக்காந்திருக்கு, தாண்டி வா. போனைக் கட் பண்ணாதே. என்னைப் பார்க்காதே, கதவைப் பாரு.

...

தெரியும், நாத்தனார் வாசல்கிட்ட இருக்காங்க. அதை நான் பார்த்துக்கறேன்.

(கூடத்தில், உரக்க) அக்கா! ஒரு யோசனை. பெட்டியை வெறுமனே கொண்டுவந்து வெச்சா என்ன சுவாரசியம்? கண்கட்டு விளையாட்டு ஆடிடலாம். நீங்க எல்லாம் கண்ணைக் கட்டிக்கிட்டு டப்பா ஆட்டிட்டு இருக்கறப்போ நான் போய்ப் பெட்டியைக் கொண்டுவந்து நடுவுல வெச்சுடறேன். அவுத்துப் பார்த்தா, பெட்டி! அதனால கதவு திறக்கற சத்தம் கேட்டா நான்தான், யாரும் எட்டிப் பார்க்கக்கூடாது... பரிசா? பரிசு கரண்டி. நாலு கரண்டி, சூடு தாங்கும்.

அக்கா, உங்களை மட்டும் வாசல்ல இருந்து நடுவுக்கு மாத்திடவா? எல்லார் டப்பா சத்தமும் சமமாக் கேக்கணும்ல. இல்லேன்னா தோத்துட்டு என்னைக் குத்தம் சொல்வீங்க... முட்டி தெரியும். எழுந்துக்காதீங்க, நாற்காலியோட இழுக்கறேன். டீச்சர், அந்தக் காலைப் பிடிங்க... ஒண்ணு, ரெண்டு... ராணி ஊர்வலம்! ம். இப்ப சரியா இருக்கு.

கட்டறேன். டீச்சர்... ஆச்சு. தையல்காரம்மா, முடிச்சு எப்படி? நீங்கதான் சொல்லணும்... தங்கச்சி, நீ தலையை ஆட்டாதே. அக்கா, உங்களுக்கு ரெண்டு முடிச்சு. உங்க கண்ணு கூர்மைன்னு கேள்விப்பட்டேன்... எண்ணெய்க் கையால துணியைத் தொடாதீங்க, கண்ணு எரியும்.

ஆளுக்கு ஒரு டப்பா... பிடிச்சுட்டீங்களா? மெதுவா ஆரம்பிக்கலாம். ஆட்டுங்க!

...

போதாது, போதாது. குழந்தையைத் தொட்டில் ஆட்டுற மாதிரி ஆட்டினா என்ன தெரியும்? அக்கா, நீங்க இந்தச் சின்னப் பொண்ணுகிட்ட தோக்கறீங்களா? இன்னும் வேகமா. ஆட்டுங்க!

மேடம், கேக்குதா? கேக்குதா மேடம்? இப்பத்தான் மேடம் ஆரம்பம்.

இடி விழுந்தாலும் கேக்கக்கூடாது, அவ்வளவு சத்தம் வேணும், கம்பெனி மேடம் காது கிழியணும்... டப்பாவை... ஆட்டுங்க!

...

...

பொத்தானா? இல்ல தையல்காரம்மா, உங்களுக்கு எல்லாமே பொத்தானாத்தான் கேக்கும். இன்னும் ஆட்டுங்க... ஆணியா? கிட்ட வந்துட்டீங்க, ஆனா இல்ல...

டீச்சர்.

டீச்சர், என்ன இது. பரீட்சை ஹால்ல எட்டிப் பார்க்கறவங்களைப் பிடிக்கிற நீங்களே துணியைத் தூக்கிட்டீங்களே.

...

டீச்சர்?

...

நன்றி டீச்சர். இறக்கி விட்டுட்டீங்க. நல்லா இழுத்து விட்டுக்கோங்க... உங்க டப்பாவுல என்ன இருக்குன்னு தெரிஞ்சுதா?... ஒண்ணும் இல்லையா?... ஒண்ணும் பார்க்கலையா. ஆமா டீச்சர். விளையாட்டு விதி அதுதான்.

அக்கா, நிறுத்தாதீங்க! நீங்கதான் முன்னாடி போயிட்டு இருக்கீங்க... யாரும் நடக்கலக்கா. நான்தான் நடக்கறேன். நான் குண்டு, தரை அதிருது. ஆட்டுங்க, ஆட்டுங்க. கதவு திறக்கறேன், பெட்டிக்கு. யாரும் அசையக்கூடாது!

(வாசலில், வாயோடு ஒட்டிப் போனில்) ம். போ. செருப்பை அடுத்த படியில போட்டுக்கோ... வாட்ச்மேன்கிட்ட ‘டப்பா அக்கா சொன்னாங்க’ன்னு சொல்லு, குடுத்துடுவான். கரும்பச்சை. உறையோட அப்படியே உள்ள திணிச்சுடு, மடிச்சுக்கிட்டு நிக்காதே. சக்கரம் சத்தம் போட்டாலும் பரவால்ல, தெருவுக்குப் போனப்புறம் யாருக்கு என்ன... இறங்கிட்டியா?... ஏன் நிக்கறே? எந்தப் படி?... அஞ்சாவது படியில நின்னுக்கிட்டு என்ன பேச்சு.

...

நானா? நான் எங்க வர்றது. என் சாமானெல்லாம் அங்கதான் கிடக்கு, அஞ்சு பேர் மடியில. நான் உன்கூட வந்தா ரெண்டு நிமிஷத்துல துணியை அவுத்துடுவாங்க, பஸ் ஸ்டாண்டுக்குப் போன் போகும். இருந்து ஆட்ட வைக்கறேன். இருபது நிமிஷம் தாங்குவாங்க. கரண்டிக்காக மனுஷங்க என்ன வேணா பண்ணுவாங்க.

...

பெட்டி எங்கன்னு கேப்பாங்கதான். அது மட்டுமா, ஆறு மணிக்கு உங்க வீட்டுக்காரரும் கேப்பாரு. கேக்கட்டும். நான் பதில் சொல்ல மாட்டேன். மூணு வாரமா உன்கிட்டதான் கத்துக்கிட்டேன்.

...

அதெல்லாம் வேண்டாம். நன்றி சொல்ற நேரத்துல ஒரு மாடி இறங்கியிருப்பே. சார்ஜ் தீரப் போகுது. போ... போம்மா.

சாவியைத் திருப்பப் போறேன். முதல்ல அவங்க கை கதவைத்தான் தடவும், பூட்டி இருந்தா அஞ்சு நிமிஷம் அதிகம் கிடைக்கும்.

...

ஹலோ?... ஹலோ?

(திரும்பி, உரக்க) ஏன் சத்தம் குறையுது? அக்கா! இன்னும் ஒருத்தரும் ஜெயிக்கல. இன்னும் வேகமா. டப்பாவை ஆட்டுங்க!

(டப்பாக்களின் சத்தத்துக்கு நடுவே கதவு சாத்தப்படுகிறது. படியில் இறங்கும் செருப்புச் சத்தத்துக்குப் பின்னால், சாவி உள்ளேயிருந்து இரண்டு சுற்று திரும்புகிறது.)